தம்புராவை இரைச்சல் என்று நினைத்த செயலி

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு மருந்துக்கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. சீசனில் மேலே வந்து சேர்ந்தவர்களுக்குத் தலைவலி மாத்திரை, கீழே இறங்கப் போகிறவர்களுக்கு வாந்தி மாத்திரை என்று கொடுத்தே பொழுது போய்விடும். ஐப்பசி பிறந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். நாலு மணிக்கே மேகம் இறங்கி எதிர்க்கடை போர்டு மறைந்துவிடும், ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் வந்தால் பெரிது. கர்நாடக சங்கீதம் கேட்க நான் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட இரண்டு மழைக்காலங்களில்தான். பாடக் கற்றுக்கொள்ளவில்லை, கேட்க மட்டும். ஒரு போன், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு இயர்போன், அக்கா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சின்ன கீபோர்டு, இவ்வளவுதான் சாமான். வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாத இடத்திலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் கொடை பண்பலை 100.5. அப்பா காலையில் போட்டால் ராத்திரி படுக்கும்போதுதான் அணைப்பார், எல்லாம் சினிமாப் பாட்டு. கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன், டிசம்பரில் டிவியில் கச்சேரி வந்தால் சேனல் மாற்றியிருக்கிறேன். பத்து வயதில் என் மகள் பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால்தான் இது வீட்டுக்குள் வந்தது. தஞ்சாவூரில் இருக்கும் ஒரு டீச்சரிடம் செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ வகுப்பு. வயர், சார்ஜர், சிக்னல், இதெல்லாம் என் பொறுப்பு. காற்றோடு மழை பெய்தால் கரண்ட் போய்விடும் என்பதால் அந்த இரண்டு நாளும் பேட்டரியெல்லாம் நிரப்பி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வகுப்பு என்று ஞாபகம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடம், நடந்துகொண்டிருந்தது. போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தோம்.

"பாப்பா, தம்புராவை ஏன் நிறுத்தினே?"

"ஓடிட்டுத்தான் இருக்கு டீச்சர்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. சார், கொஞ்சம் பாருங்க."

போனை மைக் பக்கத்தில் கொண்டுபோனேன், சத்தத்தைக் கூட்டினேன். ஆரம்பத்தில் ஒரு நொடி கேட்கிறது, அப்புறம் தேய்ந்து போய்விடுகிறது என்றார். மகள் பாடும்போது மட்டும் பின்னால் துண்டு துண்டாக வருகிறதாம். அன்றைக்கு வகுப்பு சரியாக நடக்கவில்லை, டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டார். ராத்திரி உட்கார்ந்து துழாவியதில் காரணம் புரிந்தது. அந்த வீடியோ செயலி பேச்சுக்காகச் செய்தது. மாறாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கிற எந்தச் சத்தத்தையும், மின்விசிறியோ, மிக்ஸியோ, மழையோ, இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதானே. செட்டிங்கில் இரைச்சல் நீக்குவதை அணைத்து, ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்ட பிறகு தஞ்சாவூருக்குத் தம்புரா போய்ச் சேர்ந்தது. இணையத்தில் பாட்டு வகுப்பு எடுப்பவர்கள், படிப்பவர்கள் எல்லாரும் முதலில் இதைச் சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்று, இரண்டு பக்கமும் சேர்ந்து பாட முயற்சி செய்யாதீர்கள். போய்வர ஆகும் தாமதத்தில் சேரவே சேராது. டீச்சர் பாடி நிறுத்த, பிள்ளை பாடி நிறுத்த, அவரவர் பக்கம் அவரவர் தம்புரா ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதியில், ஓட வேண்டும். அதுதான் நடக்கிற வழி.

வகுப்பு சரியாகிவிட்டது, எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு ஸ்வரம் தப்பினால்கூடப் பொறுமையாகச் சொல்லித்தருகிற டீச்சர், தம்புரா கேட்கவில்லை என்றதும் வகுப்பையே நிறுத்திவிட்டாரே, அப்படி என்ன இருக்கிறது அதில்? மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் இயர்போனில் வெறும் தம்புராவை மட்டும் போட்டுக் கேட்டேன். நாலு தந்தி: ப, ச, ச, அப்புறம் கீழ் ச. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிஷம் தாண்டியதும் யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் மேலே மெல்லியதாகக் கேட்டது. கற்பனையோ என்று இயர்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன், இருந்தது. டீச்சரிடம் கேட்டபோது அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அது அந்தர காந்தாரம் சார். கீழ் சட்ஜத்துக்குள்ளேர்ந்து தானா பொறக்கும்." சட்ஜம் என்றால் ச, காந்தாரம் என்றால் க.

அதைக் கண்ணால் பார்த்தது கொஞ்ச நாள் கழித்து. லண்டனில் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சோனிக் விஷுவலைசர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஒலிப்பதிவைக் கொடுத்தால் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று படமாக விரித்துக் காட்டும். என் மகளின் சுருதி ஐந்தரைக் கட்டை. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினால், நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள்தான் இந்த அரைகள். தம்புராவின் கீழ் ச 104 ஹெர்ட்ஸுக்குக் கிட்டே வருகிறது. படத்தில் 104-இல் ஒரு கோடு, 208-இல், 312-இல், 416-இல் என்று மடங்கு மடங்காகக் கோடுகள், ஐந்தாவதாக 520-இல் நல்ல பிரகாசமாக ஒன்று. அந்த 520-தான் நான் கேட்ட காந்தாரம். ஒரு தந்திக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் வாசித்தால் மோகனம் வரும் என்று டீச்சர் மகளிடம் சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்ததும் அவள் உட்கார்ந்து வாசிக்கிறாள், நான் கடைக்கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மோகனம் எனக்கு ஓரளவு பழகியிருந்தது, வெளிச்சமாக, துள்ளலாக இருக்கும். வந்தது அது இல்லை. ஏதோ கச்சேரி முடிந்து எல்லாரும் எழுந்திருக்கிற நேரம் போல ஒரு நிறைவான அமைதி.

"அப்பா, இது மோகனம் மாதிரியே இல்லையேப்பா. டீச்சர் தப்பா சொல்லிட்டாங்களா?"

கட்டைகள் சரியாகத்தான் இருந்தன. தம்புராதான் வகுப்பில் வைத்தபடியே ஐந்தரைக் கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாகச் சேர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளில் முதலாவது நாலரைக் கட்டை. அதை ச என்று வைத்தால்தான் மோகனம். மகள் செயலியில் சுருதியை நாலரைக்கு இறக்கிவிட்டு அதே கட்டைகளை வாசித்தாள், மோகனம் வந்து உட்கார்ந்தது. மறுபடி ஐந்தரைக்கு ஏற்றினாள், அந்த இன்னொன்று வந்தது. அது மத்யமாவதி என்று டீச்சர் சனிக்கிழமை சொன்னார். கச்சேரி முடிவில் மங்களத்தோடு பாடுகிற ராகம் அதுதான் என்று தெரிந்தபோது, எனக்கு எழுந்திருக்கிற நேரம் போலத் தோன்றியது சும்மா இல்லை என்று ஒரு தெம்பு வந்தது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். ஆறரைக் கட்டையில் தம்புராவை வைத்தால் ஹிந்தோளம், அப்போது தம்புராவில் பவுக்குப் பதில் ம வைக்க வேண்டும், ஏனென்றால் ஹிந்தோளத்தில் ப கிடையாது. ஒன்றரைக் கட்டையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. ஐந்து கட்டைகள், ஐந்து ராகம், விரல் ஒரே இடத்தில். மாறுவது பின்னால் ஓடுகிற தம்புரா மட்டும்.

ஆக, அந்தச் செயலி இரைச்சல் என்று வெட்டி எறிந்தது எதை என்று யோசித்துப் பாருங்கள். தம்புரா இல்லாவிட்டால் அந்த ஐந்து கட்டைகள் என்ன ராகம் என்று எப்படித் தீர்மானிப்பது? டீச்சர் வகுப்பை ஏன் நிறுத்தினார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. ராகத்தின் பெயரைத் தேடாதீர்கள், முதலில் சவைத் தேடுங்கள். எந்தக் கச்சேரியைப் போட்டாலும் பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் தம்புரா கேட்கும். அந்த அரை நிமிஷத்தைத் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போகாதீர்கள். அந்தச் சவை நீங்களே மெதுவாக முனகிப் பாருங்கள், பாட்டு ஓடும்போதும் நடுநடுவே அதற்குத் திரும்பி வாருங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே போதும், பாட்டு எங்கே வீட்டை விட்டுப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று கேட்க ஆரம்பித்துவிடும்.

இந்த ராகத்துக்கு இந்த சினிமாப் பாட்டு என்று பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன், முதல் வாரத்துக்கு அது கைப்பிடி மாதிரி உதவும். அதற்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் அனுபவம். கல்யாணி ஆலாபனை, அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது, ஓடும்போது உள்ளே ஒரு சினிமாப் பல்லவி ஓடிக்கொண்டிருந்தால் முன்னால் பாடுகிறவரைக் கேட்க முடியாது. அதைவிட கீபோர்டில் ஒரு நிமிஷம் செலவழிக்கலாம். ஒன்றாம் கட்டையை ச என்று வைத்து, ச ரி க ம ப த நி என்று வெள்ளைக் கட்டைகள் ஏழையும் வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், தாய் ராகங்களான மேளங்களின் வரிசையில் 29-ஆவது. அதில் மவை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு ஏற்றினால் கல்யாணி, 65-ஆவது மேளம். தம்புராவை அதே ஒன்றாம் கட்டையில் ஓடவிட்டு அந்த ஒரு மவை மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். ஆலாபனையில் அந்த ம எப்போது வரும் என்று காது தானாகக் காத்திருக்கும்.

ஆனால் கீபோர்டு ஒரு எல்லை வரைக்கும்தான் கூட வரும். அதைக் காட்டியது தோடி. தோடிக்குரிய ஸ்வரங்களைக் கட்டையில் வாசித்தோம், தோடியின் சாயலே இல்லை. அப்போதுதான் மறுபடி சோனிக் விஷுவலைசரைத் திறந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நோட்டுஸ்வரத்தையும் எடுத்துக்கொண்டேன். முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி வைத்திருக்கிறார், நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து நாட்டு கீதத்தின் மெட்டிலேயே இருக்கும். குழந்தைகள் பாடுகிற பதிவு ஒன்றைக் கொடுத்தேன், படத்தில் படிக்கட்டு மாதிரி வந்தது. ஒரு ஸ்வரத்தில் நேராக நிற்கிறது, அடுத்த படிக்கு ஏறுகிறது, நிற்கிறது. பிறகு தோடி ஆலாபனையில் ஒரு அரை நிமிஷத்தைக் கொடுத்தேன். படியே இல்லை. காந்தாரம் என்று நான் நினைத்த இடத்தில் கோடு காந்தாரத்தில் நிற்கவே இல்லை. கீழே ரி பக்கத்திலிருந்து கிளம்பி மேலே ம வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு இறங்கி, மறுபடி ஏறுகிறது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பெருமாள்மலை ரோடு மாதிரி இருக்கு" என்றாள். அந்த ஊசலாட்டம் முழுவதும் சேர்ந்ததுதான் தோடியின் காந்தாரம். கமகம் என்ற சொல்லைப் பத்துப் பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள், ஒலிக்கு மேல் போடுகிற அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வயலின்காரர் பாடகரின் பின்னாலேயே வருவதால் சுருதிக் கோடு சில இடங்களில் குரலை விட்டுவிட்டு வயலினைப் பிடித்துக்கொள்ளும், பார்க்கிறவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், இரண்டு மூன்று வாரம் படத்தோடு கேட்டதில் என் காது மந்தமானது எனக்கே தெரிந்தது. கோடு மேலே ஏறப்போவதைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது, காதுக்கு வேலையே இல்லை. அதனால் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். ஒரு துண்டை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை, அப்புறம் படத்தோடு ஒரே ஒரு முறை, பிறகு படத்தை மூடிவிட்டு மறுபடி வெறும் காதால். வேகத்தைக் குறைத்துக் கேட்பதும் அப்படித்தான், அளவோடு. பழைய கேசட்டில் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும், இப்போது இறங்குவதில்லை, பெரிய வசதி. 0.75-இல் ஒரு பிருகா, அதாவது வேகமாக உருண்டு ஓடுகிற ஸ்வரக் கூட்டம், எப்படிப் போகிறது என்று நன்றாகக் கேட்கலாம். பாதி வேகத்துக்கு வந்தால் குரல் பிசிறடித்துவிடும், அதில் ஒன்றும் கிடைக்காது.

தாளத்துக்கு நிறையச் செயலிகள் இறக்கிப் பார்த்தேன். டிக் டிக் என்று எண்ணிக்கை சொல்லும், அவ்வளவுதான். ஆதி தாளம் எட்டு: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. இதை அரை நாளில் படித்துவிடலாம். பாட்டோடு சேர்க்கத்தான் முடியவில்லை. பல கீர்த்தனைகள் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை, அரை இடம் தள்ளி எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், வரும், நான் பாட்டு தொடங்கியதும் தட்டத் தொடங்கி எல்லாம் தப்பிப் போகும். மெதுவான பாட்டில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை போடுகிறார்கள், இரண்டு களை என்று பெயர், அது தெரியாமல் நான் இரட்டை வேகத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் உதவியது எந்தச் செயலியும் இல்லை, சாதாரணக் கச்சேரி வீடியோ. பாடகரின் கை தொடையில் விழுவதை மட்டும் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவு செய்கிறவர்கள் தயவுசெய்து அந்தக் கையை வெட்டிவிடாமல் எடுக்க வேண்டும், மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் குறிப்பாக. மிருதங்கம் கோர்வையை, அதாவது முடிவுக்கு வாசிக்கிற கணக்குத் தொடரை, மூன்று முறை வாசித்து முடிக்கும்போது பாடகரின் கை சரியாக எடுப்புக்கு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டால், அடுத்த முறை ரேடியோவில் கேட்கும்போதும் உங்கள் கை தானாக அங்கே வந்து நிற்கும்.

ரேடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. ஆகாசவாணி 2016 ஜனவரியில் 'ராகம்' என்று சாஸ்திரிய சங்கீதத்துக்கு மட்டும் ஒரு சேனல் தொடங்கியது, போனிலேயே கேட்கலாம். பாட்டுக்கு முன்னால் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் எல்லாம் அறிவிப்பார்கள். நான் அந்த நேரத்துக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பேன். முடிந்த பிறகு பெயரைத் தேடுவேன். பத்தில் மூன்று சரியாக வந்தால் அன்றைக்கு ராத்திரி மகளிடம் சொல்லாமல் தூங்கமாட்டேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. 1989-இல் ராபர்ட் வின்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு ஒரு சிடி துணைநூல் செய்தார். மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில் ஓடும். இசை ஓட ஓட அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று திரையில் எழுத்து மாறிக்கொண்டே வரும், எந்த இடத்தை வேண்டுமானாலும் தொட்டுத் திரும்பக் கேட்கலாம். கணினியில் இத்தனை வசதி இல்லாத காலத்திலேயே ஒருவர் ஒரே ஒரு படைப்பை எடுத்து இவ்வளவு அன்போடு பிரித்து வைத்திருக்கிறார். பார்சிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வு கர்நாடக சங்கீதத்தையும் எடுத்துக்கொண்டது, அவர்களின் துன்யா தளத்தில் பாட்டோடு சுருதிக் கோடு ஓடுவதைப் பார்க்கலாம். எனக்கு வேண்டியது இன்னும் சின்னது. ஒரே ஒரு கீர்த்தனை, தமிழில், எங்கள் டீச்சர் மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இதோ, இப்போ அந்த ம வரும், கேளுங்க சார்" என்று சொல்கிற மாதிரி. பல்லவியில் ஒவ்வொரு சங்கதியும், அதாவது ஒரே வரியை மாற்றிப் பாடுவது, முந்தியதிலிருந்து எங்கே வேறுபடுகிறது, ஒரு வரியை எடுத்து விரிக்கிற நிரவல் எந்த வரியில், அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுகிற கல்பனாஸ்வரம் எந்த ஸ்வரத்துக்கு வந்து முடிகிறது என்று. செய்யத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் யோசித்துப் பாருங்கள், ஒலிப்பதிவை வெட்டி ஒட்டி நேரம் குறித்துத் தருகிற வேலையை நான் செய்கிறேன், மழைக்காலத்தில் எனக்கு நேரம் இருக்கிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மகள் தம்புராவை மட்டும் ஓடவிட்டு, கீபோர்டு பேட்டரியில் கறுப்புக் கட்டைகளை வாசித்துக்கொண்டே, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு சுருதியை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டாள். மோகனம், மத்யமாவதி, சுத்த தன்யாசி மூன்றும் உடனே சொல்லிவிட்டேன். ஹிந்தோளத்துக்கும் யோசிக்கவில்லை, அதில் தம்புராவே மவுக்கு மாறிவிடுகிறதே. சுத்த சாவேரியில்தான் கொஞ்சம் திணறினேன். "இனி தோடிப்பா" என்று போனில் ஆலாபனையைப் போட்டு, காந்தாரம் வரும்போது கையைத் தூக்கச் சொன்னாள். இரண்டு முறை தூக்கினேன், இரண்டு முறையும் அதற்குள் அது மவுக்குப் போய்விட்டிருந்தது. நாளைக்கு மறுபடி அதே துண்டு.